முதலில் அடுப்பு, குவிமாடம் அப்புறம்

கனடாவில் ஆபட்ஸ்ஃபோர்டின் பழைய குருத்வாராவை, அதாவது சீக்கியர் கோயிலை, தேடிப்போன முதல் நாள், அதைத் தாண்டிப் போய்விட்டேன். குவிமாடமும் வளைவு வாசலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் அது கண்ணில் படாது. சவுத் பிரேசர் வே சாலையோரம் நிற்பது இரண்டு தளம் கொண்ட ஒரு மரக் கட்டடம். முகப்புப் பலகைச் சுவர் மட்டும் கூரையை மறைத்துக்கொண்டு சதுரமாக உயர்ந்திருக்கும். நூறு வருடத்துக்கு முன்னால் கனடாவின் மேற்கே முளைத்த சின்ன ஊர்களில் கடைகளுக்கு இப்படித்தான் முகப்பு வைப்பார்களாம். மேலே வழிபாட்டுக் கூடம். கீழே சமையலும் பந்தியும்.

"இதைக் கட்டினவர்களுக்குக் குவிமாடம் தெரியாதா என்ன? எல்லாரும் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள்தான்" என்றார் என்னைக் கூட்டிப்போன பெரியவர். "கையில் இருந்ததை வைத்துக் கட்டினார்கள் பேட்டா. அடுப்பை மட்டும் விடவில்லை."

அவரைப் பாபா-ஜி என்றுதான் கூப்பிடுவேன். பிரேசர் பள்ளத்தாக்கில் நான் இருக்கும் சிற்றூரில் 23 சீக்கியக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு குருத்வாரா அமைக்கப் புறப்பட்டபோது, கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டவர் அவர். எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். தொழில் கணக்கெழுதுவது. மாதத்துக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும் என்றுதான் ஒப்புக்கொண்டேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. இடையில் வேறு ஊர்களிலிருந்து நம் தமிழ்க் குடும்பங்கள் சில, "ஒரு சின்ன முருகன் கோயில் வைக்கலாம் என்று இருக்கிறோம், என்ன செய்யணும்?" என்று போனில் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைத்தான் சொன்னேன். இப்போது எழுதியே வைக்கிறேன்.

பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1905 வாக்கில் ஆபட்ஸ்ஃபோர்டுக்கு வந்த சீக்கியர்கள் பண்ணைகளிலும் மர அறுவை மில்லிலும் கூலி வேலை பார்த்தவர்கள். குருத்வாராவுக்கான மரத்தை மில்காரர்களே நன்கொடையாகக் கொடுத்தார்கள். மில் இருந்தது ஏரிக்கரையில், கட்ட வேண்டிய இடம் மேட்டில். வேலை முடிந்த பிறகு பலகைகளையும் உத்திரங்களையும் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறியிருக்கிறார்கள். 1911-ல் கட்டி முடித்து, 1912 பிப்ரவரியில் திறந்தார்கள்.

அவர்கள் எந்த நிலைமையில் இதைச் செய்தார்கள் என்று பார்த்தால்தான் அந்தப் பலகையின் கனம் தெரியும். 1907-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தியர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. திரும்பக் கிடைத்தது 1947-ல். சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் நேராக வந்தால்தான் கனடாவுக்குள் விடுவோம் என்று 1908-ல் ஒரு விதி வந்தது. இந்தியாவிலிருந்து அப்படி வர வழியே இல்லை என்பது தெரிந்து போட்ட விதி அது. மனைவி மக்களைக் கூட்டிவர 1919 வரை கதவு அநேகமாக மூடியே இருந்தது. ஆகவே அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம். வான்கூவரில் இவர்களுக்கும் முன்னால், 1906-ல் கால்சா திவான் சொசைட்டி தொடங்கி, 1908 ஜனவரியில் இரண்டாவது அவென்யூவில் குருத்வாரா திறந்துவிட்டார்கள். 1914-ல் கோமகாட்டா மாரு கப்பல் 376 இந்தியப் பயணிகளோடு வந்து இரண்டு மாதம் துறைமுகத்தில் முடக்கப்பட்டபோது, அவர்களுக்காகக் கூட்டம் கூடியதும் பணம் திரண்டதும் அந்த குருத்வாராவில்தான்.

ஆபட்ஸ்ஃபோர்டு கட்டடம் 2002-ல் கனடாவின் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய குருத்வாரா அதுதான். நூற்றாண்டு நிறைந்த 2011-ல் கீழ்த்தளத்தில் அருங்காட்சியகம் வைத்தார்கள். எதிர்ப்பக்கம் பெரிய புது குருத்வாரா இருந்தாலும், பாபா-ஜி எங்கள் குழுவில் யார் சேர்ந்தாலும் முதலில் இந்தப் பழைய கட்டடத்துக்குத்தான் கூட்டிப்போவார்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன்.

முதல் கூட்டம் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் நடந்தது. பணம் எப்படித் திரட்டுவது என்று பேச்சு வந்தபோது நான் கையைத் தூக்கி, எங்கள் ஊர்க் கொடைக்கு வசூலிப்பதுபோலத் தலைக்கட்டு வரி போடலாமே என்றேன். வீட்டுக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதிவிட்டால் கணக்கும் சுத்தம், யாருக்கும் மனக்குறையும் இல்லை. எனக்குத் தெரிந்த முறை அது. பாபா-ஜி ஒத்துக்கொள்ளவில்லை. சீக்கியர்களுக்கு தஸ்வந்த் என்று ஒன்று உண்டு, சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது. அது அவரவர்க்கும் குருவுக்கும் நடுவில் உள்ள விஷயம், பட்டியல் போட்டால் கொடுக்க முடியாதவன் வாசலுக்கே வரமாட்டான் என்றார். அப்புறம் என் கையிலிருந்த நீல அட்டை நோட்டை வாங்கி, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் பெயர். வலப்பக்கம், அவர் என்ன வேலை செய்வார் என்பது. "பணத்துக்கு வேறு நோட்டு வைத்துக்கொள். இதை முதலில் நிரப்பு."

அன்று இரவு 23 குடும்பங்களுக்கு 61 பெயர் நிரம்பியது. லாரி ஓட்டுபவர், டிரைவால் போடுபவர், தையல் தெரிந்தவர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த கல்லூரிப் பெண். ஒரு பாட்டி, எல்லாரும் பீஜி என்று கூப்பிடுவார்கள், "வெங்காயம் நறுக்குவேன்" என்றார். அதையும் எழுதினேன். பின்னால் யோசித்துப் பார்க்கிறேன், எங்கள் குருத்வாரா உண்மையில் தொடங்கியது அந்தப் பக்கத்தில்தான். ஐயாயிரம் டாலர் கொடுத்துவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்காதவர்கள் சிலர் உண்டு, அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு சுவருக்கு வெள்ளையடித்தவர் அடுத்த வாரம் அந்தச் சுவரைப் பார்க்கவாவது வந்துவிடுவார்.

முதல் ஒன்றரை வருடம் வாடகைக் கூடம். நல்ல கூடம்தான், ஆனால் சனிக்கிழமை இரவுகளில் அங்கே விருந்து நடக்கும், மது பரிமாறுவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு குரு கிரந்த் சாகிபைக் கொண்டுவரக் கூடாது என்று பெரியவர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். சீக்கியர்களுக்கு அது வெறும் நூலல்ல, உயிருள்ள குரு. ஆகவே அங்கே கீர்த்தனமும் பிரார்த்தனையும் மட்டும். சாப்பாடு வீடுகளில் சமைத்து வரும். கூட்டம் நாற்பதைத் தாண்டவே இல்லை. சாமி இல்லாததால்தான் கூட்டம் இல்லை என்று நான் நினைத்தேன். பீஜி வேறு சொன்னார்: "அடுப்பு இல்லை. சேர்ந்து சமைக்க இடம் இல்லாவிட்டால் பெண்கள் எதற்குச் சீக்கிரம் வருவார்கள்? பிள்ளைகள் எதற்கு அப்புறம் நிற்பார்கள்?"

நிலம் வாங்கியதில் நாங்கள் பட்ட அடியைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் புளூபெரித் தோட்டம் விலைக்கு வந்தது. எல்லாருக்கும் ஆசை. பண்ணைக்காரர்கள் ஆயிற்றே, மண்ணைப் பார்த்ததும் மனசு விழுந்துவிட்டது. நடுவில் நின்ற தரகர், "சின்னதாக வழிபாட்டுக் கூடம் வைப்பதில் பிரச்சினை இல்லை, எல்லாரும் வைக்கிறார்கள்" என்றார். நம்பி, ஒப்பந்தத்தில் போட்டிருந்த நிபந்தனைகளை நாங்களே அவசரப்பட்டு நீக்கிவிட்டோம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1973-லிருந்து விவசாய நிலக் காப்பு மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் நிலத்தில் விவசாயம் அல்லாத காரியத்துக்கு அந்த ஆணையத்தின் அனுமதி வேண்டும், லேசில் கிடைக்காது. இது தெரிந்தபோது முன்பணம் போய்விட்டிருந்தது. நீல நோட்டில் பெயர் எழுதியவர்கள் கூலி வேலையில் சேர்த்த காசு. அந்த எண்ணைக் கணக்கில் எழுதிய இரவு எனக்குத் தூக்கம் இல்லை. கணக்கன் நான், கேட்டிருக்க வேண்டியவன் நான்.

எனவே இடம் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: விலை பேசுவதற்கு முன் நகராட்சியின் திட்டப் பிரிவுக்கு நீங்களே நேரில் போங்கள். "கோயில் கட்டலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்த முகவரி எந்த நில உபயோக வகையில் வருகிறது, இங்கே மக்கள் கூடும் கூடம் அனுமதிக்கப்பட்டதா, இத்தனை பேருக்கு எத்தனை வண்டி நிறுத்தும் இடம் காட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்த மூன்றாவது கேள்வியில்தான் பாதி இடங்கள் அடிபடும். கட்டடம் எவ்வளவு பெரிதானாலும், வண்டி நிறுத்த வழியில்லையென்றால் அக்கம்பக்கத்தார் மனம் கசந்துவிடும். நம் பண்டிகை நாளில் அவர்கள் வீட்டு வாசலை நம் வண்டி அடைத்தது என்று ஒரு தடவை நடந்தால் போதும்.

கடைசியில் கிடைத்தது ஒரு பழைய தேவாலயம். அந்தச் சபையில் ஆட்கள் குறைந்து, பதினைந்து முதியவர்கள் மிச்சம். பராமரிக்க முடியாமல் விற்க முன்வந்தார்கள். ஏற்கெனவே வழிபாட்டு இடம் என்பதால் நில உபயோகத்தில் சிக்கல் இல்லை, வண்டி நிறுத்தவும் இடம் உண்டு. வேறு ஒருவர் கூடுதல் விலை கேட்டும், தொடர்ந்து பிரார்த்தனை நடக்கும் இடமாக இருக்கட்டும் என்று நமக்கே கொடுத்தார்கள். அவர்களுடைய கடைசி ஞாயிறு ஆராதனைக்கு எங்களையும் அழைத்தார்கள். நாங்கள் பருப்பும் ரொட்டியும் செய்து எடுத்துப்போனோம். சாவியைக் கொடுத்த அம்மாவுக்கு வயது எண்பதுக்கு மேல். அந்தக் கூடத்தில்தான் அவருக்குக் கல்யாணம் நடந்ததாம். சாவியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பீஜியின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது.

சங்கம் பதிவு செய்வது கஷ்டம் இல்லை. குறைந்தது மூன்று இயக்குநர்கள், ஒரு நோக்க வாசகம், விதிகள், அவ்வளவே. கஷ்டம் விதிகளை எழுதுவதில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நாங்கள் நான்கு மாதம் உட்கார்ந்து பேசினோம். தேர்தலுக்கு முந்தைய வாரம் ஆள் சேர்த்து ஓட்டை மாற்றும் வேலை எந்தச் சமூகத்துக் கோயிலிலும் நடக்கும். அதனால் வாக்களிக்க வேண்டுமென்றால் ஒரு வருடமாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று போட்டோம். ஒருவர் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் பொறுப்பில் இருக்க முடியாது. பெண்கள் பாதிக்குக் குறையக் கூடாது. லங்கரில், அதாவது எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பந்தியில், தரையில் பாயா, மேசை நாற்காலியா என்பதையும் அப்போதே முடிவெடுத்தோம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1990-களின் கடைசியில் இந்த மாகாணத்து குருத்வாராக்களில் பெரும் சண்டைக்குக் காரணமாக இருந்ததே இதுதான். 1998-ல் அமிர்தசரஸில் உள்ள சீக்கியர்களின் உயர் பீடமான அகால் தக்திலிருந்து, தரையில்தான் பந்தி என்று உத்தரவே வந்தது. எங்களுக்குத் தரையில் பந்தி, முழங்கால் முடியாதவர்களுக்குச் சுவரோரம் பெஞ்சு. அந்தப் பெஞ்சுகள் தேவாலயத்திலிருந்து கழற்றியவையே. செருப்பு விடும் இடத்திலும் இரண்டு போட்டிருக்கிறோம்.

வேலை தொடங்கியதும் ஒரு தப்பு செய்தோம். சாவி வந்த வாரமே, உற்சாகத்தில் பையன்கள் சமையலறையின் பழைய தரை ஓடுகளைப் பெயர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். 1990-க்கு முந்தைய கட்டடம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று முதலில் ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும், அது சட்டம். இருந்தது. வேலை ஆறு வாரம் நின்றது, சுத்தம் செய்யத் தனிச் செலவு. அந்தப் பையன்கள் மூச்சில் என்ன போயிற்றோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு பயம் உண்டு. சேவை செய்ய வருபவர்களின் வேகத்தை அடக்கி அவர்களைக் காப்பது நம் பொறுப்பு. தன்னார்வலர்களுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்த பிறகே யார் கையிலும் சுத்தியலைக் கொடுங்கள்.

அப்புறம் வந்தது பெரிய விவாதம். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும். கூரை மேல் ஒரு குவிமாடம் வைத்து வெளியிலிருந்து பார்த்தால் குருத்வாரா என்று தெரியும்படி செய்யலாம். அல்லது சமையலறையை முழுதாக மாற்றலாம். வீட்டு அடுப்பை வைத்து முந்நூறு பேருக்குச் சமைக்க விடமாட்டார்கள். பெரிய அடுப்பு வைத்தால் அதற்கு மேலே புகை இழுக்கும் ஹூட், அதற்குள் தானாகத் தீயணைக்கும் அமைப்பு, வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி, சாக்கடைக்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் தொட்டி, கை கழுவத் தனித் தொட்டி, சுகாதாரத் துறை அனுமதி. ஹூட் விலையைக் கேட்டதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. இளைஞர்கள் பலர் குவிமாடம் பக்கம். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகள் இதுதான் எங்கள் இடம் என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டாமா?"

அடுத்த ஞாயிறு பாபா-ஜி எல்லாரையும் இரண்டு வேனில் ஏற்றி ஆபட்ஸ்ஃபோர்டுக்குக் கூட்டிப்போனார். அவர் எதுவும் பேசவில்லை. மேலே போய்க் கும்பிட்டார்கள், கீழே போய்ப் படங்களைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் குவிமாடம் கேட்ட பையன்களில் ஒருவன் நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இங்கேயும் இல்லையே" என்றான். திரும்பி வரும்போது வேனிலேயே ஹூட்டுக்கு யாரிடம் விலைப்புள்ளி வாங்குவது என்று பேச்சு ஓடியது.

சமையலறை முடிந்த மாதமே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மூன்று மடங்கானது. யாரெல்லாம் வந்தார்கள் தெரியுமா? பஞ்சாபிலிருந்து படிக்க வந்த மாணவர்கள். நிலவறை அறைகளில் நாலைந்து பேராகத் தங்கி, ராத்திரி கிடங்கில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் வகுப்புக்குப் போகிறவர்கள். முதல் வாரம் கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள். இரண்டாம் வாரம் ஒருவன் என்னிடம் வந்து, "அங்கிள், நான் காணிக்கை எதுவும் போடவில்லை, பரவாயில்லையா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் நீல நோட்டைக் காட்டினேன். பாத்திரம் கழுவுவேன் என்று அவனே எழுதினான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் கழுவும் அணிக்கு அவன்தான் பொறுப்பு.

சமையலறை நடத்துவதில் பக்தி மட்டும் போதாது. ஒவ்வொரு வேளையும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற ஒருவராவது நிற்கும்படி பார்த்துக்கொள்கிறோம். எட்டுப் பேரைப் பயிற்சிக்கு அனுப்பினோம், அதில் ஐந்து பேர் பெண்கள். பருப்பு அண்டா 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, தயிர் 4 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. வெப்பமானியைக் கரண்டியோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். முதலில் பீஜிக்கு அது அவமானமாகப் பட்டது. "அறுபது வருடமாகச் சமைக்கிறேன், இந்தக் குச்சி எனக்குச் சொல்லணுமா?" சுகாதார ஆய்வாளர் வந்த அன்று அவரே பெருமையாக அண்டாவுக்குள் அதை விட்டுக் காட்டினார்.

குரு கிரந்த் சாகிப் வந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரின் பெரிய குருத்வாரா ஒரு சரூப், அதாவது குரு கிரந்த் சாகிபின் ஒரு பிரதி, தருவதாகச் சொன்னது. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்கள்: தினமும் காலையில் திறந்து வைத்து வாசிக்கவும், இரவில் மூடி அதற்கான அறையில் துயில வைக்கவும் ஆள் இருக்கிறதா? ஞாயிறு மட்டும் பார்த்தால் போதாது. இதைச் செய்யும் கிரந்தியைச் சம்பளத்துக்கு வைக்க எங்களுக்கு வசதியில்லை. சீக்கிய முறையில் ஆணோ பெண்ணோ, வாசிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். ஓய்வுபெற்ற இரண்டு பெண்களும் ஒரு லாரி ஓட்டுநரும் முன்வந்து ஆறு மாதம் முறையாகப் பயின்றார்கள். அட்டவணை போட்டுக் காட்டிய பிறகுதான் தேதி குறித்தார்கள்.

மார்ச் மாதக் காலை, தூறல். வாடகைக்கு எடுத்த வேனை உள்ளும் புறமும் கழுவி வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். வேன் வந்து நின்றதும் பாபா-ஜி பட்டுத் துணி சுற்றிய சரூபைத் தலையில் வாங்கினார். 1430 பக்கம், நல்ல கனம். முன்னால் ஒருவர் வழியில் நீர் தெளித்துக்கொண்டு போக, பின்னால் ஒரு பெண் சாமரம் வீசிக்கொண்டு வர, எல்லாரும் வெறுங்காலோடு ஈரச் சரளைக்கல்லில் நடந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றினேன். குளிர் கணுக்கால் வரை ஏறியது. 'சத்நாம், வாகேகுரு' என்ற குரல் மட்டும். தேவாலயச் சாவியைக் கொடுத்த அம்மா தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அன்று பந்தியில் பீஜிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இனிப் பண விஷயம், என் துறை. தொண்டு நிறுவனப் பதிவு வருவதற்கு மாதக் கணக்கில் ஆகும். அதற்கு முன் வரிவிலக்கு ரசீது கொடுக்க முடியாது. எங்கள் குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தில், "ரசீது வந்துவிடும்" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். வரி கட்டும் மாதத்தில் அவர்கள் என்னிடம் வந்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதிவுக் கடிதம் கைக்கு வரும் வரை ரசீது என்ற வார்த்தையையே யாரும் எடுக்க வேண்டாம். பதிவு வந்த பிறகு, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆண்டு அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

உண்டியலை கோலக் என்பார்கள். எங்கள் முறை இது: இரண்டு பூட்டு, இரண்டு குடும்பத்தில் சாவி. எண்ணும்போது மூன்று பேர், அதில் ஒருவராவது குழுவில் இல்லாதவர். எண்ணி முடித்ததும் தாளில் மூன்று கையெழுத்து, தொகையை அன்றே பலகையில் எழுதிவிடுவோம். கோலக்கில் விழுந்த காசுக்கு ரசீது கிடையாது, யார் போட்டது என்று தெரியாதல்லவா. முதல் தடவை திறந்தபோது லூனியும் டூனியும், அதாவது ஒரு டாலர், இரண்டு டாலர் காசுகள்தான் அதிகம். ஒரு ஐந்து டாலர் நோட்டு எட்டாக மடித்து இருந்தது. இந்த ஊர் நோட்டு பிளாஸ்டிக், மடித்தால் மடிந்தே இருக்காது, விரிந்துவிடும். அதனால் நூல் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பெரி பறிக்கும் கைகளில் யாரோ, வேலை முடியும் வரை இடுப்பில் செருகி வைத்திருந்திருக்க வேண்டும். நூலை அவிழ்த்து நோட்டை நீவிக் கொடுத்தவர் கொஞ்ச நேரம் அடுத்ததை எடுக்கவில்லை.

சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. உழைப்புக்கு ரசீது கொடுக்க முடியாது. மின் இணைப்பு முழுவதையும் கூலி வாங்காமல் செய்த ஒருவருக்கு, அதன் மதிப்பை எழுதி ரசீது கொடுக்கலாமா என்று தேடிப் பார்த்தேன், வழியில்லை. அவரிடம் சொல்லத் தயங்கினேன். "பலகை தூக்கினவர்களுக்கு யார் ரசீது கொடுத்தார்கள் பா-ஜி?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விளக்கை மாட்டப் போய்விட்டார். நன்கொடையாளர் பெயர்ப் பலகை வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோதும் இவர்தான் வேண்டாம் என்றார். எங்கள் ஊர்க் கோயிலில் டியூப்லைட்டிலும் உபயதாரர் பெயர் இருக்கும். அது அந்தக் குடும்பத்தின் நினைவு, அதில் எனக்குக் குறையே தெரியாது. ஆனால் இங்கே பெயர் எழுத ஆரம்பித்தால் வெங்காயம் நறுக்கியவர் பெயரை எங்கே எழுதுவது? அதனால் எழுதவில்லை. நீல நோட்டு மட்டும் செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கிறது. இப்போது நடப்பது நாலாவது நோட்டு.

பீஜி போன குளிர்காலத்தில் காலமானார். கடைசி வரை ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து வெங்காயக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தவர். அவர் உட்கார்ந்த முக்காலியில் இப்போது தேவாலயத்து அம்மா உட்காருகிறார்.

இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் குவிமாடம் மறுபடி பேச்சுக்கு வந்தது. வரைபடம்கூடத் தயார், அழகாகத்தான் இருக்கிறது. கையிலும் பணம் இருந்தது. அப்போது பாத்திரம் கழுவும் அணியின் பொறுப்பாளன் எழுந்து, மாவு பிசைகிற பெண்களுக்குத் தோள்பட்டை வலி, முதலில் மாவு பிசையும் மெஷின் வாங்கலாம் என்றான். கை தூக்கச் சொன்னார்கள், எண்ணினேன். வரைபடத்தைச் சுருட்டி மறுபடி அலமாரியில் வைத்தாயிற்று. மெஷின் வருகிற வியாழக்கிழமை வருகிறது. இறக்க ஆறு பேர் வேண்டும், நோட்டில் இதுவரை நாலு பெயர் எழுதியிருக்கிறது.